பன்னிரண்டு நடிகர்களின் பார்வையைத் திருத்தியது பற்றி

புதன்கிழமை, காலை பதினொன்றேகால்

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய சம்பந்தி அவர்களுக்கு, தங்கள் மருமகளைப் பெற்றவன் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே தங்கள் மகன் சுகம். தங்கள் மருமகளும் போன இடத்தில் சுகம் என்று தகவல். நானும் சுகமே என்று எழுதப் போனேன், கை வரவில்லை. தாங்களும் சம்பந்தியம்மாளும் சுகமாக இருப்பீர்கள், இருக்க வேண்டும், குறிப்பாகத் தங்களுடைய இரத்த அழுத்தம் இந்த வாரம் முழுக்க நல்ல நிலையில் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். மேற்கொண்டு படிப்பதற்கு முன்னால் ஒரே ஒரு விண்ணப்பம். கையில் சுத்தியல் இருந்தால் தயவுசெய்து கீழே வைத்துவிடவும். கண்ணாடி அறுக்கும் கத்தி இருந்தால் அதையும். திங்கட்கிழமை சாயங்காலம் பார்சல் வண்டியில் தங்கள் கடைக்கு வந்து சேர்ந்த பன்னிரண்டு ஜப்பானிய நடிகர் படங்களுக்கும் தாங்கள் இன்னும் சட்டம் போடவில்லை என்ற ஒரே நம்பிக்கையில்தான் இதை எழுதுகிறேன். எந்தக் காகிதமானாலும் மூன்று நாள் மேசையில் மல்லாந்து கிடந்து அந்த இடத்துக் காற்றுக்குப் பழகிய பிறகுதான் தாங்கள் அதைத் தொடுவீர்கள் என்று மாப்பிள்ளை சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த வழக்கம் வாழ்க.

இதைத் தொலைபேசியில் சொல்லியிருக்கலாமே என்று தாங்கள் கேட்கலாம். சொல்லத்தான் பார்த்தேன். நேற்று தங்கள் கடைக்கு மூன்று முறை அழைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் வைத்தது திருடனோ கடன் அட்டை விற்பவனோ அல்ல, நான்தான். முதல் முறை தாங்கள் "ஹலோ" என்றீர்கள், நான் வைத்துவிட்டேன். இரண்டாம் முறை "யாருய்யா?" என்றீர்கள். மூன்றாம் முறை "மூச்சு மட்டும் வருது, ஆள் இல்ல" என்று பக்கத்தில் யாரிடமோ சொன்னீர்கள். அது உண்மைதான் சம்பந்தி, அந்த நேரத்தில் என்னிடம் மூச்சைத் தவிர வேறொன்றும் இல்லை. எழுத்தில் என்றால் தங்கள் குரல் நடுவில் வராது. அதனால்தான் கடிதம். கூரியர்காரர் நாளைக் காலை ஒன்பது மணிக்குள் சேர்த்துவிடுவதாகச் சத்தியம் செய்திருக்கிறார்.

விஷயத்துக்கு வருகிறேன். தங்கள் மருமகள் செய்யும் வேலை தாங்கள் அறிந்ததே. ஜப்பானில் அந்தக் காலத்தில் கபூகி என்று ஒரு நாடகம், அதில் நடித்தவர்களின் முகங்களை மரப்பலகையில் செதுக்கி அச்சடித்து விற்றார்களாம். அந்த அச்சுப் படங்களைப் பார்த்து அவள் கையாலேயே வரைந்து நகல் எடுத்துத் தருகிறாள். வெளிச்சப் பலகையில் காகிதத்தை வைத்துக் கோடு எடுப்பாள், கறுப்பு மையால் தூரிகையை ஒரே இழுப்பில் இழுப்பாள், பிறகு உடைக்கு ஒரு நிறம், பின்னணிக்கு ஒரு சாம்பல் மினுமினுப்பு, தலைமுடி ஓரத்தில் மயிரிழை மயிரிழையாக நூறு கோடு. இந்த முறை வந்தது பெரிய வேலை. புதிதாகத் திறக்கும் ஒரு நாடக அரங்கத்தின் முன்கூடத்தில் மாட்டப் பன்னிரண்டு முகங்கள். இது நன்றாக அமைந்தால் அவள் வீட்டு அறையை விட்டு வெளியே ஒரு சொந்தப் பட்டறை வைக்கலாம் என்று கனவு கண்டுகொண்டிருக்கிறாள். வீட்டு அறை என்று எழுதினேனே, அது நான் படுக்கும் அறைதான். என் கட்டிலுக்கு மேலே குறுக்காகக் கயிறு கட்டி, துணிக்குப் போடும் கிளிப்பால் பன்னிரண்டு பேரையும் காயப் போட்டிருந்தாள். சம்பந்தி, நான் பயந்தவன் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. ஒருத்தன் முகம் முழுக்கச் சிவப்புக் கோடு, ஒருத்தன் வாய் வில்லாக வளைந்து கிடக்கிறது, ஒருத்தன் முகத்துக்குப் பொருந்தாத சின்னக் கைகளை விரித்து என் போர்வையை இழுக்க வருகிறான். மூன்று பேர் பெண் வேடம். நெற்றியில் ஊதாத் துணி, உதட்டில் துளி சிவப்பு. ஆனால் அவர்களும் ஆண்கள்தானாம். அவர்கள் முன்னால் நான் சட்டை மாற்றலாமா கூடாதா என்று கடைசிவரை என்னால் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை, குளியலறையில் போய்த்தான் மாற்றினேன்.

அப்போது அவர்களுக்குக் கண் இல்லை. விழியின் வெள்ளை இருந்தது, நடுவில் கருமணி வைக்கவில்லை. அதைத்தான் எப்போதும் கடைசியில் வைப்பாள். அதற்குள் அவளுக்கு வெளியூரில் ஒரு வாரம் ஓவிய வகுப்பு எடுக்க அழைப்பு வந்துவிட்டது, தட்ட முடியாத இடம். கிளம்பும் அன்று என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தாள். "அப்பா, மூக்குக்கண்ணாடிக் கடையில முப்பத்தெட்டு வருஷம் கடுகு சைஸ் திருகாணி முடுக்கின கை உங்க கை. எனக்கே இப்ப அவ்வளவு நிதானம் இல்ல. கருமணி மட்டும்தான் பாக்கி, மொத்தம் இருபத்துநாலு புள்ளி. மாதிரிப் படம் பக்கத்துலயே இருக்கு. பார்த்து அப்படியே வெச்சிடுங்க. அப்படியே. புரியுதா? எதையும் திருத்தாதீங்க." இந்த "அப்படியே"யை அவள் இரண்டு முறை சொன்னாள் என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சம்பந்தி, தங்கள் மருமகளின் அம்மா போன பிறகு என்னை நம்பி யாரும் ஒரு வேலையும் தந்ததில்லை. பால் பாக்கெட் வாங்கி வரச் சொன்னாலே சட்டை மாற்றிக்கொண்டு போகிற நிலையில் இருந்தவன் நான். தங்கள் மகன் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிறவன் நாலு பேர் பார்க்கும்படி ஒரு வேலை செய்யப் போகிறோம் என்ற சந்தோஷத்தில், முதல் "அப்படியே" காதில் விழுந்தது, இரண்டாவது விழவில்லை.

சனிக்கிழமை காலை குளித்துவிட்டு உட்கார்ந்தேன். மாதிரிப் படத்தைப் பார்த்ததும் தூக்கிவாரிப் போட்டது. ஒன்பது பேருக்கு ஒன்றரைக் கண். மன்னிக்கவும், தங்களைச் சொல்லவில்லை. ஒரு கருமணி நேராக இருக்கிறது, இன்னொன்று மூக்குக்குப் பக்கத்தில் போய் ஒண்டிக்கொண்டிருக்கிறது. மீதி மூன்று பெண் வேடக்காரர்களும் ஓரக்கண்ணால் எங்கேயோ பார்க்கிறார்கள். முப்பத்தெட்டு வருடம் ஆட்களை எழுத்துப் பலகைக்கு எதிரே உட்கார வைத்து, இந்தக் கண்ணை மூடுங்கள், அந்தக் கண்ணை மூடுங்கள், கடைசி வரியைப் படியுங்கள் என்று சொல்லியே பிழைத்தவன் இதைப் பார்த்துச் சும்மா இருப்பானா? ஆனாலும் அவசரப்படவில்லை, யோசித்தேன். யோசித்ததுதான் தப்பு. இந்த அச்சுப் படங்களில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு தனிப் பலகையாம், ஒன்றன்மேல் ஒன்றாகக் காகிதத்தில் ஒற்ற வேண்டும், ஒரு பலகை இம்மி நகர்ந்தாலும் நிறம் கோட்டைத் தாண்டிவிடும் என்று மகள் ஒரு நாள் சொல்லியிருந்தாள். ஆகா, கருமணிப் பலகை நகர்ந்துவிட்டது, அச்சடித்தவர் கவனிக்கவில்லை, இருநூறு வருடமாக எவரும் கவனிக்கவில்லை, இன்று நான் கவனித்துவிட்டேன் என்று தீர்மானித்தேன். ஒன்பது பேருக்கும் ஒரே மாதிரி எப்படி நகரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இரண்டு நாள் கண்ணும் கருத்துமாக உட்கார்ந்து, பழைய அளவுகோலால் மூக்கின் நடுக்கோட்டிலிருந்து அளந்து, இருபத்துநாலு கருமணியையும் நட்ட நடுவில் வைத்தேன். முடித்துவிட்டு எழுந்து நின்று பார்த்தேன். பன்னிரண்டு பேரும் அத்தனை வேஷத்தோடும் என் எழுத்துப் பலகையின் கடைசி வரியைப் படிக்க முயன்றுகொண்டிருந்தார்கள். அதைவிட முக்கியம், எனக்கு அவர்களைப் பார்த்துப் பயம் போய்விட்டது. அன்று மத்தியானம் அவர்களுக்கு நேர் கீழே படுத்து நிம்மதியாகத் தூங்கினேன். பயம் போனால் ஏதோ தவறு நடந்துவிட்டது என்று புரிந்துகொள்கிற வயதுதான் எனக்கு, புரியவில்லை.

திங்கட்கிழமை காலை பார்சல் கட்டி வண்டியில் ஏற்றி அனுப்பினேன். மத்தியானம் மூன்று மணிக்கு அழைப்பு மணி. திறந்தால் அரங்கத்தின் மேலாளர் அம்மாள். படத்தை எடுத்துப்போக அல்ல, இந்தப் பக்கம் வந்தவர் சும்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தாராம். உயரமானவர், குரல் இன்னும் உயரம். படங்கள் சட்டம் போடச் சம்பந்தி கடைக்குப் போய்விட்டன என்றதும் ஏமாந்துபோய், சுவரில் குத்தியிருந்த மாதிரிப் படங்களையாவது பார்க்கிறேன் என்று என் அறைக்குள் வந்துவிட்டார். வந்தவர் அவற்றின் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "இந்தக் கண்ணு, சார்! இந்தக் கண்ணுக்காகத்தான் நான் இந்தப் படங்களைத் தேடிப் பிடிச்சேன்" என்றார். "எந்தக் கண்ணும்மா?" என்றேன். "தெரியாதா சார்? இருங்க, காட்டறேன்" என்று கைப்பையைக் கட்டிலில் போட்டுவிட்டு, என் மர அளவுகோலை எடுத்து மேசையில் டக், டக், டக் டக் டக் என்று தட்டினார். நான் குதித்தேன். "நடிகர் ஆக்ரோஷமா வர்றார். உச்சக்கட்டம். காலை ஓங்கி ஊன்றார். கையை விரிக்கிறார். தலையை ஒரு சுத்து. அப்படியே சிலையா நிக்கிறார். அப்ப கண்ணை வெட்டுவார் பாருங்க, ஒண்ணு மூக்குகிட்ட, ஒண்ணு நேரா. அரங்கமே எழுந்து கத்தும் சார்!" சொன்னதோடு விடாமல் எனக்கு ஓர் அடி தள்ளி நின்று அதைச் செய்தும் காட்டினார். சம்பந்தி, நான் கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டேன். "அந்தப் பார்வை பட்டா வருஷம் முழுக்க நோய் அண்டாதுன்னு அங்க ஒரு நம்பிக்கையாம். கண்ணு நேரா இருந்தா அவர் வெறும் ஆளு சார். கண்ணு மாறினாத்தான் நடிகர்." முப்பத்தெட்டு வருடமாக நான் சீட்டில் குறை என்று எழுதிக் கொடுத்ததை இவர்கள் மருந்து என்கிறார்கள். கிளம்பும்போது திரும்பி நின்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். "உங்க பொண்ணு அதைச் சரியாப் பிடிச்சிருக்காங்க இல்ல? கண்ணெல்லாம் மாறியிருக்கு இல்ல?" நான் சொன்னேன், "எல்லாம் மாறியிருக்கும்மா." பொய் சொல்லவில்லை சம்பந்தி. ஒன்று விடாமல் மாறியிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை அரங்கத் திறப்பு. நாடகத்துறையில் பேர் சொன்னால் தெரியும்படியானவர்கள் எல்லாரும் வருகிறார்களாம், முன்கூடத்தில் பன்னிரண்டு பேர் அவர்களை வெறும் ஆளாக வரவேற்கப் போகிறார்கள். மகள் நாளைக்குத் திரும்புகிறாள். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அடர் வெள்ளையால் கருமணியை மூடி, காய்ந்த பிறகு மாதிரியில் உள்ளபடி புதிதாக வைத்தால் யாருக்கும் தெரியாது, ஆனால் கண்ணாடியைப் போட்டுச் சட்டத்தில் அடித்துவிட்டால் தீர்ந்தது. சரி, நேரே கிளம்பி வந்துவிடலாம், அதற்கு முன்னால் மாறிய கண் எப்படி இருக்கும் என்று முகத்தில் பழகிக்கொள்ளலாம் என்று நேற்றுக் காலை குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்றேன். மாதிரியைப் பார்த்து வைப்பது வேறு, முழுக்க உள்வாங்கி வைப்பது வேறு இல்லையா? மூக்கு நுனியைப் பார்த்தேன், இரண்டு கண்ணும் உள்ளே போனது. ஒன்றை மட்டும் வெளியே கொண்டுவர முயன்றேன், உதடு கோணிப் போனது. தலையை ஒரு சுற்று சுற்றி, கையை விரித்து, காலை ஊன்றிப் பார்த்தபோது அது பாதி வந்தது. அந்தப் பாதியில் தங்கள் மகன் பல் துலக்க உள்ளே வந்தார்.

"மாமா! மாமா, என்னைப் பாருங்க! சிரிங்க! கையைத் தூக்குங்க!" என்று கத்திக்கொண்டே என்னைத் தூக்கிக் கட்டிலில் போட்டார். பக்கவாதம் என்று நினைத்துவிட்டார். அவர் மேல் தப்பில்லை, எந்த மாப்பிள்ளையும் அப்படித்தான் நினைப்பார். உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன், சொன்னால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும், அதனால் லேசாகத் தலை சுற்றியது என்று சொல்லிவிட்டேன். வேலைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு தெருமுனை டாக்டரிடம் கைத்தாங்கலாகக் கூட்டிப் போனார். டாக்டர் என் கண்ணில் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "பார்வை ரொம்ப நேரா இருக்கே" என்றார். அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு உண்மையாகவே தலை சுற்றியது. அதையும் டாக்டர் குறித்துக்கொண்டார். இப்போது தங்கள் மகனின் உத்தரவு: மாமா வெளியூர் போகக் கூடாது, தனியாக மாடிப்படி இறங்கக் கூடாது, முக்கியமாகத் தூரிகையையோ ஊசியையோ கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துச் செய்யும் எந்த வேலையும் கூடாது. பாவம், எவ்வளவு நல்ல பிள்ளையை வளர்த்திருக்கிறீர்கள்! அந்தப் பிள்ளையை நான் இப்போது ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன். கண்ணிலேயே மண்ணைத் தூவுகிறேன்.

இதுவரை எழுதியது எளிதான பகுதி. இனிமேல் எழுதப் போவதை எழுதத்தான் ஆறு வருடமாகப் பயந்துகொண்டிருக்கிறேன். நேற்று டாக்டர் வீட்டிலிருந்து வந்து படுத்துக்கொண்டு கயிற்றில் காலியாகத் தொங்கிய கிளிப்புகளையே பார்த்துக்கொண்டிருந்தபோது, கேட்காமல் ஒருவர் கண்ணைத் திருத்துவது எனக்கு இது முதல் தடவை அல்ல என்று ஞாபகம் வந்தது. ஞாபகம் வந்தது என்பது பொய், மறந்ததே இல்லை. நம் பிள்ளைகளின் கல்யாணப் படம். ஆல்பம் போடும் முன்னால் புகைப்படக்காரர் கணினியில் காட்டினார். நாம் இரண்டு குடும்பமும் வரிசையாக நிற்கிற அந்தப் படத்தில் தங்கள் பார்வை எப்போதும்போல ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. நான்தான் சொன்னேன் சம்பந்தி. "சம்பந்தியோட கண்ணை மட்டும் கொஞ்சம் நேரா வெச்சிடுங்க" என்று நான்தான் சொன்னேன். கேலியாகச் சொல்லவில்லை, என் பெண் வாழப்போகிற வீட்டுக்கு மரியாதை செய்கிறோம் என்று நினைத்துச் சொன்னேன். பெரிதாக்கிக் கொண்டுவந்து தங்கள் கையிலேயே கொடுத்தேன். தாங்கள் அதை ரொம்ப நேரம் பார்த்தீர்கள். பிறகு "யாரு இது?" என்றீர்கள். இரண்டே சொல். சம்பந்தியம்மாள் உள்ளே போய்விட்டார்கள்.

சுற்று வட்டாரத்தில் எல்லார் வீட்டுக் கல்யாணப் படத்துக்கும் சட்டம் போட்டவர், சொந்த மகனின் கல்யாணப் படத்துக்கு இன்றுவரை சட்டம் போடவில்லை. தங்கள் வீட்டுக் கூடத்தில் அதற்கென்று அடித்த ஆணி காலியாக இருப்பதை ஒவ்வொரு தடவை வரும்போதும் பார்க்கிறேன். இந்த ஆறு வருடத்தில் தாங்கள் என்னிடம் பேசியது "வாங்க", "சாப்பிடுங்க", "போயிட்டு வாங்க" என்ற மூன்றுதான். நான்காவது ஒன்று, என் மகளின் அம்மா போன பதினாறாவது நாள், "தனியா எதுக்கு, பிள்ளைங்களோட போய் இருங்க" என்றீர்கள். தங்கள் மகன் வீட்டில் நான் இருப்பது தாங்கள் சொன்ன அந்த ஒரு சொல்லில்தான். அதை நான் மறக்கவில்லை. அப்போதாவது மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும், பயத்தில் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். இப்போது தங்கள் கையில் நான் நேராக்கிய இன்னும் பன்னிரண்டு முகம் இருக்கிறது. பார்த்ததும் "இந்த மனுஷன் இன்னும் திருந்தல" என்று தங்களுக்குத் தோன்றும். மகனிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். சம்பந்தி, எனக்குப் போவதற்கு வேறு இடம் இல்லை. அதைவிட, என் மகள் என்னை நம்பித் தந்த ஒரே வேலையை நான் கெடுத்துவிட்டேன் என்று அவளுக்குத் தெரிவதைத்தான் என்னால் தாங்க முடியாது.

ஆகவே தங்களை மன்றாடிக் கேட்டுக்கொள்வது என்னவென்றால், படங்களுக்குச் சட்டம் போடாதீர்கள், மரம் சரியாகக் காயவில்லை, காகிதம் பழகவில்லை, கைவலி, எதையாவது சொல்லி வெள்ளிக்கிழமை வரை தள்ளுங்கள். மகளிடம் சொல்லாதீர்கள். மகனிடம் கட்டாயம் சொல்லாதீர்கள். நான் எப்படியாவது மாப்பிள்ளை கண்ணில் படாமல் வெள்ளிக்கிழமை விடிந்ததும் வண்டியேறி, வெள்ளையும் கறுப்பும் தூரிகையும் எடுத்துக்கொண்டு வந்து, தங்கள் கடை மூலையில் உட்கார்ந்து பன்னிரண்டு பேர் பார்வையையும் மாதிரியில் உள்ளபடி மாற்றிவிடுகிறேன். தாங்கள் என்னிடம் பேசக்கூட வேண்டாம். ஒரு முக்காலி போட்டால் போதும். இத்துடன் என்னிடம் இருக்கும் கல்யாணப் படத்தின் பிரதியையும் வைத்திருக்கிறேன். அதில் தங்கள் கண்ணை நேராக்கியதை இன்று காலை என் கையாலேயே அழித்து, பழையபடி சாய்த்து வைத்திருக்கிறேன். நன்றாக வந்திருக்கிறது. இதுதான் என் மன்னிப்பு. வாயால் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. சம்பந்தியம்மாளுக்கு என் வணக்கம். அவர்கள் மூட்டுவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். தங்கள் குடும்பம் நோய் நொடி இல்லாமல், நல்ல பார்வையுடன், அதாவது எந்தப் பார்வையானாலும் அந்தப் பார்வையுடன், நீண்ட காலம் வாழ வேண்டும்.

இப்படிக்கு,
என்றும் தங்கள் முன்னால் தலை நிமிராத,
சம்பந்தி.

பின்குறிப்பு: உறையை ஒட்டப் பசை எடுத்துக்கொண்டிருந்தபோது மகள் வந்து நின்றாள். நாளைக்கு வர வேண்டியவள். மேலே மகளிடம் சொல்லாதீர்கள், மகனிடம் சொல்லாதீர்கள் என்று எழுதியிருப்பதை அடித்துவிட்டதாகக் கொள்ளவும். தாங்கள் திங்கட்கிழமை சாயங்காலமே பார்சலைப் பிரித்து, அன்றைக்கே அவளுக்குப் போன் செய்து, "ஏம்மா, பன்னெண்டு பேரும் என்னையே நேராப் பார்க்கறாங்க. கண்ணு வெச்சது உங்க அப்பாதானே?" என்று கேட்டீர்களாம். ஒரே பார்வையில் கண்டுபிடித்திருக்கிறீர்கள். தங்களைத் தவிர வேறு யாரால் முடியும்? நேற்றும் போன் செய்து, "உங்க அப்பா மூணு தடவை கூப்பிட்டு மூச்சு விட்டாரு, உடம்புக்கு ஒண்ணுமில்லையே?" என்று விசாரித்தீர்களாம். நான் ஒளித்த அத்தனையும் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது, என்னைத் தவிர.

அதோடு போகவில்லை. மேசையில் இருந்த கல்யாணப் படத்தை எடுத்துப் பார்த்தாள். பார்த்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "அப்பா, மாமாவுக்குச் சாயறது இடது கண்ணு. நீங்க வலது கண்ணைச் சாய்ச்சு வெச்சிருக்கீங்க" என்றாள். முப்பத்தெட்டு வருடத்தில் எத்தனையோ ஆயிரம் சீட்டில் வலது, இடது என்று எழுதிய கை இது. ஒன்றில்கூட மாற்றி எழுதியதில்லை. ஆறு வருடமாகத் தங்களைப் பார்க்கும்போதெல்லாம் தங்கள் சட்டையின் இரண்டாவது பொத்தானைத்தான் பார்த்திருக்கிறேன் சம்பந்தி. தங்கள் முகத்தை நான் பார்த்ததே இல்லை. பார்க்காமலேயே திருத்தியிருக்கிறேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. மகள் உடனே தங்களுக்குப் போன் போட்டு இதையும் சொல்லிவிட்டாள். தாங்கள் சிரித்தீர்களாம். வெகுநேரம் சிரித்தீர்களாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்குப் பயம் இரண்டு மடங்காகிவிட்டது. பிறகு, "பன்னெண்டு இல்லம்மா, பதிமூணு சட்டமா அறுத்து வெச்சிருக்கேன். வந்து நேர்ல பார்த்து வரையச் சொல்லு" என்றீர்களாம்.

மகளும் நானும் நாளைக் காலை முதல் வண்டியில் வருகிறோம். கூரியர் வேண்டாம், இந்தக் கடிதத்தை நானே கொண்டுவந்து தங்கள் கையில் கொடுத்துவிட்டுக் கடைக்கு வெளியே நிற்பேன். படித்து முடித்ததும் கூப்பிடுங்கள். உள்ளே வந்து எதிரே உட்கார்ந்து இந்த முறை தங்கள் முகத்தை நன்றாக, நேருக்கு நேர் பார்க்கிறேன். நான் பார்த்து முடிக்கும்வரை மட்டும், தாங்கள் தயவுசெய்து வேறு எங்காவது பார்த்துக்கொண்டிருங்கள்.